இதயம் எழுதிய கோடு

சென்ற ஆண்டு தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து நாம் கோயில் முற்றத்தில் நின்றிருந்தோம். பென்னாகரத்துக்கு அப்பால் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் நம் அருகில் வந்தார். தம் செபப் புத்தகத்தைத் திறந்து, அதனுள் நான்காக மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு சிறு கட்டங்கள் அச்சிட்ட தாள் அது. கட்டங்கள் இருந்தன, அவற்றின்மீது வேறொன்றும் இல்லை.

"அஞ்சு வருசத்துக்கு முன்னால நெஞ்சு வலிச்சப்ப எடுத்த ஈசிஜிங்க. இப்ப டாக்டரு அந்தப் பழசைக் கொண்டாந்து காட்டுங்கறாரு. பத்திரமாத்தான் வெச்சிருந்தேன். பார்த்தா கோடே இல்லீங்களே!" என்றார் அவர்.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். எங்கோ ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தடம் தெரிந்தது, அவ்வளவுதான். வெப்பம் பட்டால் கறுக்கும் ஒருவகை மருந்து பூசிய தாள் அது. அதில் மையால் எழுதுவதில்லை. கருவியின் சூடான முனை எழுதுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒளியும் வெம்மையும் பட்டு அவ்வெழுத்து மங்கி மறைந்துவிடும். இதனை அவருக்கு எவரும் சொல்லவில்லை. உண்மையைக் கூறினால், அதுவரை நாமும் அறிந்திருக்கவில்லை.

ஒரு மனிதரின் இதயம் எழுதிக் கொடுத்த கோட்டைக் காப்பாற்றத் தெரியாமல் போனோமே என்ற உறுத்தல் நமக்கு இருந்தது. அக்கோடு எவ்வாறு பிறந்தது, எங்கிருந்து புறப்பட்டு நம் ஊர் வரை வந்தது என்று தேடிப் படித்தோம். படித்தவற்றில் ஓர் இழை தொடக்கம் முதல் இறுதி வரை ஓடுவதைக் கண்டோம். இதயத்துக்கும் அதனை அறிய விழைபவருக்கும் இடையே கிடக்கும் தொலைவைக் குறைப்பதே இக்கருவியின் வரலாறு. அத்தொலைவு நம் மாவட்டத்தில் இன்னும் முற்றும் கடக்கப்படவில்லை என்பதால், இதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

விரலும் காதும்

இதயத்தை அறிய மனிதன் முதலில் பயன்படுத்திய கருவி அவனுடைய விரலே. நம் சித்த மருத்துவர்கள் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்று நாடிகளைப் பிரித்தறிந்தனர். கிரேக்கரும் சீனரும் தத்தம் முறையில் நாடி பார்த்தனர். ஆனால் விரல் உணர்ந்ததை வேறொருவருக்குக் காட்ட இயலாது. வைத்தியர் சொல்ல நாம் நம்ப வேண்டும். அவர் மறைந்தால் அவருடைய விரலறிவும் அவரோடு மறைந்துவிடும்.

விரலுக்கு அடுத்துக் காது வந்தது. மருத்துவர் நோயாளியின் மார்பில் நேரே காது வைத்துக் கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. 1816-இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லேன்னெக் என்ற மருத்துவரிடம் இதயநோய் கொண்ட இளம்பெண் ஒருத்தி வந்தாள். அவள் மார்பில் காது வைப்பது முறையன்று என்று அவர் தயங்கினார். சில தாள்களைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத்தின் ஒலி கேட்டது. பின்னர் மரத்தில் குழல் கடைந்துகொண்டார். இன்று ஒவ்வொரு மருத்துவரின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பின் முன்னோடி அதுவே. லேன்னெக் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். 1819-இல் தம் நூலை வெளியிட்ட அவர், எந்த நுரையீரல் நோயைக் குழல்வழியே கேட்டுக் கேட்டு உலகுக்கு விளக்கினாரோ அதே காசநோயால் 1826-இல், தம் 45-ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு பெண்ணின் மானத்தை மதித்த தயக்கத்திலிருந்து ஒரு கருவி பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. எனினும் இதுவும் கேட்டவர் காதோடு முடிந்துவிடும் அறிவே. இதயம் தானே எழுதித் தரவேண்டுமானால் அதற்கு மின்சாரத்தின் துணை தேவைப்பட்டது.

உப்புநீரில் நின்ற நாய்

உயிருள்ள தசையில் மின்சாரம் உண்டு என்னும் ஆய்வுக்கு வித்திட்டவர் இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் லூயிஜி கால்வானி. தவளைக் கால்களை வைத்துத் தாம் செய்த சோதனைகளை 1791-இல் அவர் வெளியிட்டார். 1856-இல் கோலிக்கர், முல்லர் என்ற இருவர், துடித்துக்கொண்டிருந்த தவளை இதயத்தின்மீது வேறொரு தவளைக் காலின் நரம்பைக் கிடத்தினர். இதயம் துடிக்கும்போதெல்லாம் அந்தக் காலும் துடித்தது! ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்சாரத்தை எழுப்புகிறது என்பது அதனால் கண்கூடாயிற்று.

ஆனால் மனிதரின் மார்பைத் திறக்காமல் அதனை அளப்பது எவ்வாறு? 1887-இல் லண்டன் புனித மரியா மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் என்பார் அதற்கு விடை கண்டார். மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிய லிப்மன் மின்மானி அவருடைய கருவி. உடலின்மீது வைத்த மின்தொடர்பு வழியே வரும் சிறு மின்சாரத்துக்கு ஏற்பப் பாதரசம் ஏறி இறங்கும். அதன் நிழலை ஒளிப்படத்தட்டில் பதிவு செய்தார். மனித இதயத்தின் முதல் மின்வரைவு அவ்வாறு கிடைத்தது.

வாலர் தம் வளர்ப்பு நாய் ஜிம்மியை உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் கால் வைத்து நிற்கச் செய்து, அதன் இதயத் துடிப்பை அவையோருக்குக் காட்டுவது வழக்கம். 1909-இல் ராயல் சொசைட்டியில் அவர் இதனைச் செய்து காட்டியபோது, விலங்குக்குக் கொடுமை நேர்ந்ததா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நாய் நின்றது சிறிது உப்புக் கலந்த நீரில்தான் என்று அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று. முன்னோடியான வாலரோ, தம் கண்டுபிடிப்பு மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று எதிர்பார்க்கவில்லை. விதைத்தவருக்கே விளைச்சலின் அளவு தெரியாமற்போவது உலகில் புதிதன்று.

லெய்டன் நகரத்துக் கம்பி

1889-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த உடலியல் மாநாட்டில் வாலரின் செயல்விளக்கத்தைக் கண்டவர்களுள் ஒருவர் வில்லெம் ஐந்தோவன். டச்சுக்காரரான இவர் பிறந்ததோ ஆசிய மண்ணில். ஜாவாத் தீவின் செமராங் நகரில் 1860-இல் பிறந்தார். மருத்துவரான தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். தாய் தம் பிள்ளைகளோடு ஹாலந்து திரும்ப, அங்கே படித்து உயர்ந்து லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பாதரசம் கனமானது, இதயத்தின் விரைவுக்கு ஈடுகொடுக்க அதனால் இயலவில்லை. கிடைத்த கோட்டைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. அவ்வாறு திருத்திய கோட்டின் மேடு பள்ளங்களுக்கு 1895-இல் ஐந்தோவன் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். இன்றும் நம் மாவட்டத்து மருத்துவர்கள் அதே ஐந்து எழுத்துகளைச் சொல்லித்தான் அக்கோட்டை வாசிக்கின்றனர்.

பின்னர் அவர் பாதரசத்தைக் கைவிட்டு ஓர் இழையை நாடினார். உருக்கிய படிகக்கல்லை ஓர் அம்பில் ஒட்டி எய்தால், அம்பு பாயும் விரைவில் அது நீண்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நூலாகும். அந்நூலுக்கு வெள்ளி முலாம் பூசி, வலிய மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே தொங்கவிட்டார். இதய மின்சாரம் பாயும்போது நூல் பக்கவாட்டில் அசையும். பிரகாசமான விளக்கொளியில் அதன் நிழல் ஓடும் ஒளிப்படத்தட்டில் விழும். 1901-இல் அவர் அறிவித்த இந்த இழைக் கால்வனோமானியே இன்றைய இ.சி.ஜி. கருவிக்குத் தாய்.

அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ! இரண்டு அறைகளை அடைத்துக்கொண்ட அக்கருவியை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். காந்தம் சூடேறாதிருக்க நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிரம்பிய தொட்டிகளில் வைத்து அமர்ந்திருப்பார்.

இங்குதான் நாம் மேலே சொன்ன தொலைவு குறுக்கிட்டது. கருவி ஆய்வுக்கூடத்தில் இருந்தது, நோயாளிகளோ 1.5 கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில் இருந்தனர். கருவியைத் தூக்கிச் செல்ல இயலாது. படுக்கையிலிருக்கும் நோயாளியை அழைத்து வருவதும் ஆபத்து. ஐந்தோவன் என்ன செய்தார்? தொலைபேசிக் கம்பி வழியே நோயாளியின் இதய மின்சாரத்தையே ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1905-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று முதல் பதிவு அவ்வாறு வந்து சேர்ந்தது. அன்று பதிவானது நோயாளியின் இதயமன்று. நலமுள்ள ஒருவரின் இதயம். ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு அவர் மிதிவண்டியில் விரைந்து சென்றதால்தான் கோட்டின் மேடுகள் உயர்ந்திருந்தன என்று கருதினர்.

சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே வாழும் நமக்கு இந்த 1.5 கிலோமீட்டர் சிரிப்பூட்டலாம். ஆனால் அவர்கள் எதிர்கொண்டதும் நாம் எதிர்கொள்வதும் ஒரே சிக்கல்தான். கருவி ஓரிடத்தில், இதயம் ஓரிடத்தில்.

1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1927-இல் அவர் மறைந்தார்.

கோட்டின் இலக்கணம்

அக்கோடு சொல்வதுதான் என்ன? நம் இதயத்தின் வலது மேலறையில் இயற்கை வைத்த ஒரு சிறு மின்னூற்று உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு தூண்டல் கிளம்பி முதலில் மேலறைகளிலும், சற்றே தாமதித்துக் கீழறைகளிலும் பரவுகிறது. மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் சிறு மேடு பி. கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் கூர்மையான கோபுரம் க்யூ, ஆர், எஸ். அடுத்த துடிப்புக்குக் கீழறைகள் ஆயத்தமாவதைக் காட்டும் மேடு டி. நிமிடத்துக்கு 70 முறை என்று கொண்டாலும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இக்கோடு எழுதப்படுகிறது. படிக்க ஆளில்லாமலேயே மறைந்தும் விடுகிறது.

தோலின்மீது கிடைக்கும் இந்த மின்சாரம் மிகச் சிறிது. ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் வீட்டு டார்ச் விளக்கின் ஒரு பேட்டரிக்கட்டையில் 1.5 வோல்ட் இருக்கிறது என்பதை நினைத்தால் அதன் நுண்மை விளங்கும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வீதம் ஓடுகிறது. ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. கை, கால்களில் நான்கு, மார்பில் ஆறு எனப் பத்து இடங்களில் தொடர்பு வைத்து, பன்னிரண்டு கோணங்களிலிருந்து இதயத்தைப் பார்க்கின்றனர். மார்பில் எங்கெங்கே வைப்பது என்பது 1938-இல் வரையறுக்கப்பட்டது. 1942-இல் கோல்டுபெர்கர் சேர்த்த மூன்று கோணங்களோடு பன்னிரண்டும் நிறைவுற்றன.

மாரடைப்பின்போது கோட்டின் ஒரு பகுதி, அதாவது எஸ் முடிந்து டி தொடங்கும் வரையிலான சமதளம், மேலெழும்பி நிற்பதை 1920-இல் நியூயார்க் மருத்துவர் ஹெரால்டு பார்டி எடுத்துக்காட்டினார். இரத்தக்குழாய் முற்றும் அடைபட்டு, இதயத் தசையின் ஒரு பகுதி இரத்தமின்றித் துடிக்கிறது என்பதன் அடையாளம் அது. அடைப்பை மருந்தால் கரைப்பதோ, குழாய் செலுத்தித் திறப்பதோ முதல் சில மணி நேரத்துக்குள் நிகழ்ந்தால் தசை பிழைக்கும். தாமதித்தால் இறந்த தசை மீளாது. ஆகவே இந்தத் தாள் நோயின் பெயரை மட்டும் சொல்வதில்லை. எவ்வளவு விரைந்து செயற்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

ஆசிரியர் வழி

இந்த அறிவு நம் நாட்டுக்கு வந்த வழிகளுள் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் ஐந்தோவனின் கருவியை நோயாளிகளிடம் பயன்படுத்தி, 1911-இல் வெளியிட்ட தம் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். லூயிஸிடம் 1913-14-இல் பயின்ற அமெரிக்கர் பால் டட்லி ஒயிட், இக்கலையைப் பாஸ்டன் நகருக்குக் கொண்டுசென்றார். அந்த ஒயிட்டிடம் 1952-இல் பயின்றவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவரே டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி.

1917-இல் பர்மாவில் பிறந்த பத்மாவதி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, 1942-இல் குடும்பத்தினருடன் தப்பிக் கோவைக்கு வந்தார். பின்னர் பிரிட்டன், அமெரிக்கா சென்று பயின்று, தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர் என்று போற்றப்பட்டார். ஏழைக் குழந்தைகளை வாட்டிய வாதக் காய்ச்சல் இதயநோய் பற்றிப் பெரிதும் ஆராய்ந்தார். 1992-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2020-இல், தம் 103-ஆம் வயதில் கொரோனா தொற்றால் காலமானார். லெய்டன், லண்டன், பாஸ்டன், தில்லி என்று நான்கே தலைமுறையில் கைமாறி வந்த அறிவில் ஓர் அகதிப் பெண்ணின் உழைப்பும் கலந்திருக்கிறது.

தென்னாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கினார். 1963-இல் இந்திய ஆயர்கள் பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரியை நிறுவினர். நெஞ்சு நோய் என்றால் வேலூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும் என்பது நம் பெற்றோர் காலத்துப் பேச்சு. போக முடிந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நம் கல்லறைத் தோட்டங்கள் அறியும்.

பேருந்துச் சீட்டு அச்சிட்ட கோடு

270 கிலோ கருவி காலப்போக்கில் மெலிந்தது. 1920-களின் இறுதியிலேயே கையில் தூக்கிச் செல்லத்தக்க கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் 1949-இல் முதுகில் சுமக்கும் கனத்த கருவியோடு தொடங்கி, நாள் முழுதும் இதயத்தைப் பதிவு செய்யும் முறையை வகுத்தார். இன்று 'ஹோல்டர்' என்றே அச்சோதனை வழங்குகிறது. வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்தன. பின்னர் கணிப்பொறிச் சில்லுகள் வந்தன.

எனினும் வெளிநாட்டுக் கருவிகளை வாங்கும் வசதி நம் சிற்றூர் மருத்துவர்களுக்கு இல்லை. மின்சாரமும் நாள் முழுதும் இருப்பதில்லை. இச்சிக்கலுக்கு விடை தேடியவர்கள், நம் ஒசூருக்கு அடுத்த பெங்களூரில் பணியாற்றிய பொறியாளர்கள். ஜி.இ. நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வு மையத்தில் உருவாகி, 2000-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது 'மேக் 400' என்ற இ.சி.ஜி. கருவி. பையில் எடுத்துச் செல்லலாம். மின்சாரம் இல்லாத இடத்தில் பேட்டரியில் இயங்கும். விலையும் பழைய கருவிகளைவிடக் குறைவு. அச்சிடும் பகுதியை எவ்வாறு மலிவாக்கினர் தெரியுமா? பேருந்து நிலையங்களில் பயணச்சீட்டு அச்சிடும் எளிய அச்சுப்பொறியை எடுத்து, இதயத்தின் கோட்டை எழுத வைத்துவிட்டனர்! தூசியிலும் வெயிலிலும் நாள் முழுதும் உழைத்துப் பழகிய பொறியன்றோ அது? மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் உள்ளங்கையில் அடங்கும் இ.சி.ஜி. கருவியை வடிவமைத்து, பதிவைக் கைப்பேசி வழியே தொலைவிலிருக்கும் மருத்துவருக்கு அனுப்ப வழிசெய்தது. 1905-இன் லெய்டன் கம்பி, கம்பியே இல்லாமல் நம் மலைகளுக்கு வந்துவிட்டது எனலாம்.

தமிழகம் செய்து காட்டியது

கருவி வந்தால் மட்டும் உயிர் பிழைக்குமா? இக்கேள்விக்குத் தமிழகத்திலேயே விடை தேடப்பட்டது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, 2012-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். குழாய் செலுத்தி அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனை நடுவே; அதனைச் சுற்றிச் சிறிய மருத்துவமனைகள். வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போன்ற அமைப்பு. சிறிய மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. உடனே பெரிய மருத்துவமனைக்குச் சென்றது. அங்கிருந்து வந்த ஆலோசனைப்படி அடைப்பைக் கரைக்கும் மருந்து அங்கேயே தரப்பட்டது. நோயாளி ஆம்புலன்சில் அனுப்பப்பட்டார்.

இத்தகைய நான்கு தொகுதிகளில் 2,420 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு முடிவு 2017-இல் வெளியாயிற்று. திட்டத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர்களுள் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 17.6 பேர், திட்டத்துக்குப் பின் 14.2 பேர். வேறுபாடு 3.4 தானே என்று தோன்றலாம். மாரடைப்பு கண்ட 100 குடும்பங்களுள், மூன்று வீடுகளில் தந்தையோ தாயோ உயிரோடு இருப்பதும் இல்லாமற்போவதும் அந்த வேறுபாடுதான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் கட்டணமின்றி ஓடுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீடு தேடி வந்து பார்க்கப்படும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2004 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

மக்களுள் ஒருவர் மருத்துவப் பணியில் இருந்தால் எத்தகைய மாற்றம் நிகழும் என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993-இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் குடிசையில் பணியைத் தொடங்கினர். பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினர். இன்று அங்கே முழு மருத்துவமனை நிற்கிறது. வெளியூர்க் கருவியைவிடத் தம் ஊர்ப் பெண் சொல்லும் சொல்லை மக்கள் விரைந்து நம்புகின்றனர் என்பதே அவர்கள் கற்பித்த பாடம்.

எஞ்சிய தொலைவு

இவ்வளவும் இருந்தும் நாம் நன்கறிந்த கொத்தனார் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் இழந்தோம். 52 வயது. ஒரு நாள் இரவு பத்து மணியளவில் நெஞ்சு பிசைந்தது, வேர்த்துக் கொட்டியது. "வாயுப் பிடிப்பு" என்றார் அவரே. சோடா வாங்கிக் கொடுத்தார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். முதுகை நீவிவிட்டார்கள். "நடுராத்திரியில் யாரைத் தொந்தரவு செய்வது, விடியட்டும்" என்று அவரே தடுத்துவிட்டார். விடிந்ததும் முதல் பேருந்தில் புறப்பட்டார்கள். மருத்துவமனை வாயிலை அடையும்போது அவர் இல்லை. அவர் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆறு கிலோமீட்டர். அங்கே இ.சி.ஜி. கருவி இருந்தது. குடும்பத்தில் நால்வரிடம் கைப்பேசி இருந்தது.

அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. நம்மில் எவரும் அதையே செய்திருப்போம். நெஞ்சு என்ற ஒரே சொல்லால் உறுப்பையும் உள்ளத்தையும் குறிக்கும் நாம், அந்த நெஞ்சு வலித்தால் மட்டும் வயிற்றின்மேல் பழி போடுகிறோம். பிறரைத் தொந்தரவு செய்யலாகாது என்ற நல்ல பண்பே நம் மக்கள் பலரின் உயிரைக் குடித்திருக்கிறது. 270 கிலோ கருவியை நம் வீட்டருகே கொண்டுவர நூறாண்டுக்கும் மேலாக எத்தனையோ பேர் உழைத்தனர். படுக்கையிலிருந்து வாசல் வரையுள்ள தொலைவை மட்டும் நாமேதான் கடக்க வேண்டும்.

ஆகவே சிலவற்றை நினைவில் இருத்துவோம். நெஞ்சின் நடுவே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றுள் எது வந்தாலும் அது வாயுவா அன்றா என்று தீர்மானிக்க வேண்டியது நாமல்ல, இ.சி.ஜி.யும் அதனைப் பார்க்கும் மருத்துவரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மூச்சிரைப்பாகவும் அது வரக்கூடும். இ.சி.ஜி. என்பது அந்தப் பத்து நொடியின் பதிவே. முதல் தாள் சரியாக இருந்தும் நோய் இருக்கலாம். மருத்துவர் மீண்டும் எடுக்கச் சொன்னால் பணத்துக்காகச் சொல்கிறார் என்று எண்ணிவிடலாகாது. பழைய தாளோடு புதியதை ஒப்பிட்டால்தான் எது பழைய வடு, எது புதிய காயம் என்று தெரியும். தாளைப் பத்திரப்படுத்த வேண்டுவது அதற்காகவே.

செபப் புத்தகத்துப் பெரியவரிடம் மீண்டும் வருவோம். மறுநாள் அவரோடு நாமும் மருத்துவமனைக்குச் சென்றோம். பழைய தாள் கைவிட்டதால் மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். புதிய இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு நிறக் கவ்விகளைக் கை கால்களில் மாட்டியபோது பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். கோடு எழுதி முடிந்த தாள் வெளியே வந்தது. உடனடி ஆபத்து இல்லை. மருந்து தொடர வேண்டும் என்றார் மருத்துவர்.

வரும் வழியில் கடைத்தெருவில் அந்தத் தாளை மூன்று ஜெராக்ஸ் எடுத்தோம். அசலின் பின்புறத்தில் நாளும் ஆண்டும் எழுதினோம். ஒன்று மகளிடம், ஒன்று நம்மிடம், ஒன்று அவருடைய செபப் புத்தகத்தில். "இது அழியாதுங்களா?" என்று கேட்டார் அவர். "இது அழியாதுங்க. ஆனா, வலிச்சா விடியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றோம். சரியென்று தலையசைத்துவிட்டு, தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார்.